ராம்பில் புதிதா? விமானம் கிளம்பும் முன் பார்க்க வேண்டியதும் டெக் லாகில் எழுத வேண்டியதும்

ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) படிப்பை முடித்து லைன் மெயின்டனன்ஸில் (பயணங்களுக்கு நடுவில் விமானத்தைப் பார்க்கும் பிரிவில்) டெக்னீஷியனாகவோ டிரெய்னியாகவோ சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரியில் டர்பைன் பிளேடின் கோணம் வரை சொல்லித் தருகிறார்கள். விமானத்தின் குறைகளும் செய்த வேலைகளும் பதிவாகும் டெக் லாகில் ஒரு பக்கத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லித் தருவதில்லை. நான் சேர்ந்தபோது ஒரு சீனியர் ஒரு மாதிரி எழுதச் சொல்வார், அடுத்த ஷிப்டுக்கு வருபவர் "யாருப்பா இப்படி எழுதச் சொன்னது?" என்பார். எது விதி, எது அவரவர் பழக்கம் என்று பிரித்து அறிவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

எடுத்துக்காட்டுகளை ஏர்பஸ் ஏ320 குடும்பத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். நடைமுறை இந்தியாவுடையது, அதாவது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் சிஏஆர்-145 என்ற பராமரிப்பு விதிப்படி இயங்கும் நிறுவனங்களுடையது. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். உங்கள் நிறுவனத்தின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடு சொல்வதைத்தான் செய்ய வேண்டும்.

1. முதலில் பாஸ், அப்புறம் டார்ச்

விமான நிலைய நுழைவு பாஸ் இல்லாமல் விமானங்கள் நிற்கும் ராம்பில் கால் வைக்க முடியாது. அதற்குக் காவல்துறை சரிபார்ப்பு முடிய வேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம். நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இனிஷியலில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று விளக்குவதற்குள் சேரும் தேதி தள்ளிப்போகும். பாஸில் தொடங்கும் இந்தச் சிக்கல் பிற்பாடு லைசென்ஸ் விண்ணப்பத்திலும் வரும் என்பதால், வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே எல்லா ஆவணத்திலும் பெயரை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருந்து, தங்குவது பல்லாவரம் பக்கம் வாடகை வீட்டில் என்றால் வாடகை ஒப்பந்தத்தையும் கையில் வைத்திருங்கள்.

செலவு என்று பார்த்தால் பாஸ், பயிற்சி, ஷூ, ஜாக்கெட், காதுக் கவசம் எல்லாம் வழக்கமாக நிறுவனத்தின் பொறுப்பு. டார்ச் மட்டும் நல்லதாகச் சொந்தமாக வாங்குங்கள். இரண்டாயிரம் ரூபாய் பக்கம் ஆகும். செல்போன் வெளிச்சத்தில் ஃபேன் பிளேடின் ஓரத்தில் இருக்கும் சின்ன வெட்டு தெரியாது. டார்ச்சில் பெயரை எழுதி ஒட்டுங்கள். அதுவும் ஒரு கருவிதான், எங்கேயாவது மறந்து வைத்தால் யாருடையது என்று தெரிய வேண்டும். பெரிய செலவு பிறகு வரும் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதி). அது லட்சங்களில் போகும். நிறுவனம் அனுப்பினால் பெரும்பாலும் பாண்டு கேட்பார்கள். எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைச் சேரும்போதே படித்துப் பாருங்கள்.

இன்னொன்று: உங்களுக்கு எதில் கையெழுத்துப் போட அனுமதி இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலையைச் செய்தவர் போடும் கையெழுத்து ஒன்று, விமானத்தைப் பறக்க விடுவிக்கும் சிஆர்எஸ் கையெழுத்து வேறு. இரண்டாவது, அதற்கான அங்கீகாரம் உள்ளவருக்கு மட்டுமே உரியது. "சும்மா போடுப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று யார் சொன்னாலும் போடாதீர்கள்.

2. விமானத்துக்கு முன் அதன் காகிதம்

ஷிப்டுக்கு வந்ததும் நேராக விமானத்தின் அடியில் போய் நிற்காதீர்கள். முதலில் மூன்றைப் பாருங்கள்: முந்தைய ஷிப்ட் ஒப்படைத்த குறிப்பு, டெக் லாகின் கடைசிச் சில பக்கங்கள், தள்ளிவைக்கப்பட்ட குறைகளின் பட்டியல். இதற்குப் பத்து நிமிடம் போதும். இதைப் பார்க்காமல் போனால், ஏற்கெனவே பதிவான வால்பகுதிக் கீறலைப் புதிதாகக் கண்டுபிடித்து, எல்லோரையும் ஓட வைத்து, விமானத்தை அரை மணி நேரம் தாமதப்படுத்துவீர்கள். கீறல், பள்ளம், ஒட்டுப்போட்ட இடம் எல்லாவற்றுக்கும் தனி வரைபடம் இருக்கும். அதையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, விமானத்தைப் பதிவெழுத்தை வைத்து அடையாளம் காணுங்கள், அது நிற்கும் பே எண்ணை வைத்து அல்ல. விடிகாலை மூன்று மணிக்கு ஒரே நிறம் பூசிய ஏழெட்டு ஏ320 வரிசையாக நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒவ்வொரு முறை விட்டுவிட்டுத் திரும்பி வரும்போதும் விடி-க்குப் பின் வரும் மூன்று எழுத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 2013 மே மாதம் லண்டன் ஹீத்ரோவில் நடந்தது இதுதான். இரவு வேலையில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஏ319 ஒன்றின் ஃபேன் கவுலை (எஞ்சினின் பக்க மூடியை) திறந்த டெக்னீஷியன்கள் இடையில் வேறு வேலைக்குப் போனார்கள். திரும்பியபோது தவறான விமானத்துக்குப் போனார்கள். அங்கே கவுல் மூடியிருந்தது. வேறு யாரோ மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். காலையில் சரியான விமானம் தாழ்ப்பாள் போடாத கவுல்களோடு ஓடி மேலெழும்பியது. இரண்டு எஞ்சின்களின் கவுல்களும் பிய்ந்து போயின, ஒரு எஞ்சினில் தீப்பிடித்தது. விமானம் பத்திரமாகத் திரும்பியது. "யாரோ மூடிவிட்டார்கள் போல" என்று உங்களுக்குத் தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று பதிவெழுத்தைப் பாருங்கள்.

3. சுற்றி வருவது

இரண்டு பயணங்களுக்கு நடுவில் ஏ320 தரையில் நிற்பது பல நேரம் அரை மணி நேரம்தான். அதில் உங்கள் சுற்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். இரவு தங்கும் விமானத்துக்கு நேரம் அதிகம், வேலையும் அதிகம்.

எஞ்சின் முழுதாக நின்று, சிவப்பு பீக்கன் அணைந்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். சூடான பிரேக் உள்ள சக்கரத்தை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ அணுகுங்கள். பக்கவாட்டில் நிற்காதீர்கள், வெடித்தால் பக்கவாட்டில்தான் அடிக்கும்.

மூக்கில் தொடங்கி ஒரே திசையில் சுற்றி மூக்கிலேயே முடியுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டாலோ ஃபோன் வந்தாலோ, திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் அதற்கு முந்தைய பகுதியிலிருந்து தொடங்குங்கள். அவசரமாகக் கூப்பிடுவது அநேகமாக எஞ்சின் பக்கத்தில் இருக்கும்போதுதான் நடக்கும், ஏனென்று தெரியவில்லை.

மூக்கில் வேகத்தை அளக்க உதவும் பிடோ குழாய்கள், வெளிக் காற்றழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் துளைகள், காற்று வரும் கோணத்தை அளக்கும் ஆங்கிள் ஆஃப் அட்டாக் தகடுகள், விமானிகளின் ஆக்சிஜன் வெளியேற்றத்தைக் காட்டும் பச்சை வட்டு. வட்டு இல்லையென்றால் ஆக்சிஜன் வெளியேறியிருக்கலாம்; உடனே சொல்லுங்கள். முன் சக்கரத்தில் டயர், ஒழுகல், டோ செய்யும்போது செருகிய பின். எஞ்சினில் முன்புறம் பிளேடுகள், பறவை மோதிய தடம், பின்புறம் டர்பைன் பகுதி. கவுலின் தாழ்ப்பாள்கள் அடிவயிற்றில் இருப்பதால் நின்றபடி பார்த்தால் தெரியாது. குனிந்து, தேவைப்பட்டால் முழங்காலிட்டு, ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஏ320 குடும்பத்தில் கவுல் பறந்துபோன நிகழ்வுகள் பல. குனியாமல் போனதும் அவற்றில் ஒரு காரணம். மழை நாளில் மீனம்பாக்கத்தில் தண்ணீர் தேங்கிய பேயில் முழங்காலிடுவது கொடுமைதான், வேறு வழியில்லை.

இறக்கை ஓரம், விளக்குகள், ஸ்டாட்டிக் டிஸ்சார்ஜர் குச்சிகளின் எண்ணிக்கை, எரிபொருள் ஒழுகல், சரக்குக் கதவின் விளிம்பு. சரக்குக் கதவு முக்கியம்: லோடர் வண்டி இடித்துவிட்டு யாரும் சொல்லாமல் போவது இங்கேதான்.

4. கவர், பின், டேப்: எண்ணிப் பாருங்கள்

விமானம் சில மணி நேரத்துக்கு மேல் நிற்கும்போது பிடோ கவர் போடுவார்கள். காரணம் தூசு மட்டுமில்லை, மண்குளவி. துளையைக் கண்டால் மண்ணைக் குழைத்து அடைத்துவிடும். 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசில் பிர்கென்ஏர் போயிங் 757 விழுந்து 189 பேர் இறந்தனர். கவர் போடாமல் நின்ற நாட்களில் பிடோ குழாயை அடைத்தது குளவிக்கூடாக இருக்கலாம் என்பதே விசாரணையின் ஊகம்.

கவர் போட்டால் கழற்ற வேண்டும். 2018 ஜூலையில் பிரிஸ்பேனில் குளவிக்குப் பயந்து கவர் போட்ட மலேசியன் ஏர்லைன்ஸ் ஏ330, அந்தக் கவர்களோடேயே மேலெழும்பியது. வேகம் காட்டாமல் பறந்து, நல்லவேளை, பத்திரமாகத் திரும்பி இறங்கியது. கழுவும்போது ஸ்டாட்டிக் துளையில் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்ததால் 1996 அக்டோபரில் லிமாவில் ஏரோபெரு விமானம் கடலில் விழுந்தது, 70 பேரும் இறந்தார்கள். டேப்பின் நிறம் விமான உடலோடு ஒட்டிப்போயிருந்தது.

இதற்கு நான் கண்ட நடைமுறை வழி: எத்தனை கவர், எத்தனை பின் போட்டீர்கள் என்பதைப் போட்ட உடனே டெக் லாகில் எழுதுங்கள். கழற்றியதும் அதே எண்ணிக்கையை எழுதி அந்தப் பதிவை முடியுங்கள். "கவர் போடப்பட்டது" என்று மட்டும் எழுதினால் மூன்றா நான்கா என்று அடுத்தவருக்குத் தெரியாது. கழற்றியவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய் பெட்டியில் வைத்து எண்ணுங்கள். சிவப்பு நாடா இல்லாத கவரைப் பயன்படுத்தவே வேண்டாம். லேண்டிங் கியர் பின்னை எடுக்காமல் விட்டால் சக்கரம் உள்ளே போகாது. விமானம் திரும்பி வரும், எரித்த எரிபொருளும் பயணிகளின் ஏச்சும் உங்கள் ஷிப்டின் கணக்கில் சேரும்.

5. எண்ணெய்க்கு நேரம் உண்டு

எஞ்சின் எண்ணெயை எஞ்சின் நின்ற சில நிமிடங்களுக்குப் பின், ஒரு வரம்புக்குள் பார்க்க வேண்டும். அந்த நிமிடக் கணக்கு எஞ்சின் வகைக்கு வகை மாறும். சிஎஃப்எம் எஞ்சினுக்கு மனப்பாடம் செய்ததை பிராட் அண்டு விட்னிக்குச் சொல்லாதீர்கள், கையேட்டைத் திறங்கள். நேரம் தவறிப் பார்த்தால் அளவு குறைவாகக் காட்டும், நீங்கள் மேலும் ஊற்றுவீர்கள், அதிகமாகிவிடும். ஊற்றியது எத்தனை குவார்ட் என்பதை அந்த நேரத்திலேயே எழுதுங்கள். எஞ்சின் எண்ணெய் குடிப்பது கூடுகிறதா என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கண்காணிக்கிறார்கள். மூன்று நாள் யாரும் எழுதாமல் விட்டால் நல்ல எஞ்சினும் கெட்டதாகத் தெரியும், கெட்டதும் நல்லதாகத் தெரியும்.

பிரேக் தேய்மானக் குச்சியை பார்க்கிங் பிரேக் போட்ட நிலையில் மட்டுமே பாருங்கள். டயர் அழுத்தம் குளிர்ந்த டயரில். ஹைட்ராலிக் எண்ணெய் கண்ணில் பட்டால் எரிச்சல் உயிர் போகும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

6. டெக் லாக் எழுதுவது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவு ஆங்கிலத்தில்தான் இருக்கும். எழுத வேண்டியதன் சாரத்தைத் தமிழில் சொல்கிறேன்.

விமானி "இடது லேண்டிங் லைட் எரியவில்லை" என்று எழுதினால், பதிலில் "சரி செய்யப்பட்டது" என்று எழுதுவது பதிலே இல்லை. என்ன செய்தீர்கள், ஏஎம்எம்மின் (விமானப் பராமரிப்புக் கையேட்டின்) எந்த டாஸ்க் எண்ணின்படி செய்தீர்கள், கழற்றிய பாகத்தின் எண், மாட்டிய பாகத்தின் எண், சீரியல் இருந்தால் இரண்டின் சீரியல், முடிவில் செய்த சோதனையின் விளைவு என்று எல்லாம் வர வேண்டும். "பார்த்தோம், சரியாக இருக்கிறது" என்று எழுதினாலும் எந்தச் சோதனையைச் செய்து பார்த்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். "அறிந்துகொண்டோம்" என்ற ஒற்றைச் சொல் பதிலைத் தணிக்கைக்கு வருபவர் முதலில் சுற்றிக் கட்டம் போடுவார்.

கழற்றிய சீரியலையும் மாட்டிய சீரியலையும் இடம் மாற்றி எழுதுவது சர்வசாதாரணம். பாகத்தின் மேலுள்ள தகட்டைப் பார்த்து எழுதுங்கள், அதோடு வரும் டேக்கைப் பார்த்து அல்ல. பிறகு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எட்டும் பியும், ஐந்தும் எஸ்ஸும், பூஜ்யமும் ஓவும் கையெழுத்தில் ஒன்றாகிவிடும். ஆயுள் வரம்பு உள்ள பாகத்தில் ஒரு எழுத்துப் பிசகினால், அந்தப் பாகம் எந்த விமானத்தில் இருக்கிறது என்றே தெரியாமல் திட்டப்பிரிவு தேட வேண்டியிருக்கும்.

ஏஎம்எம் பக்கத்தை அச்செடுத்தால் அது அந்த விமானத்துக்குப் பொருந்துமா என்று மேலே போட்டிருப்பதைப் பாருங்கள். ஒரே நிறுவனத்தில் பழைய ஏ320ம் புதிய எஞ்சின் உள்ள நியோவும் சேர்ந்தே பறக்கின்றன. லாக்கரில் மடித்து வைத்த பழைய அச்சுப்படியைக் கிழித்துப் போடுங்கள்.

இப்போது தேதி. பல நிறுவனங்கள் டெக் லாகில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைத்தான் எழுதச் சொல்கின்றன. நம் நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்தரை வரை நம் கையில் உள்ள தேதியும் லாகில் உள்ள தேதியும் வேறு. குறையைத் தள்ளிவைக்கும்போது இதில்தான் அடி விழும். எந்தக் குறையோடு எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் எம்இஎல்லில் பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. ஏ வகைக்கு அந்தந்த இடத்தில் எழுதியிருப்பது. குறை கண்ட நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

4ஆம் தேதி விடிகாலை 4:30க்குச் சென்னையில் ஒரு பி வகைக் குறையைக் கண்டீர்கள் என்று வையுங்கள். யுடிசியில் அது 3ஆம் தேதி 23:00. கணக்கு 4, 5, 6 என்று ஓடி 6ஆம் தேதி யுடிசி நள்ளிரவோடு முடிகிறது; நம் கடிகாரத்தில் 7ஆம் தேதி காலை 5:30. உள்ளூர்த் தேதியை வைத்து எழுதியிருந்தால் 7ஆம் தேதி முழுக்கப் பறக்கலாம் என்று நினைப்பீர்கள். அன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பும் விமானம் அனுமதியில்லாமல் பறந்ததாகிவிடும். முடியும் தேதியை எழுதியபின் பக்கத்தில் இருப்பவரிடம் தனியாகக் கணக்குப் போடச் சொல்லி ஒப்பிடுங்கள்.

எம்இஎல் என்றால் தேதி மட்டுமில்லை. அதில் பராமரிப்புச் செயல்முறை இருந்தால் (மின்சுற்று உடைப்பானை இழுத்துக் கவ்வி போடு, வால்வைப் பூட்டு என்பது போல) அதைச் செய்து, செய்ததாக எழுத வேண்டும். விமானிகளுக்கான செயல்முறை இருந்தால் அவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும். காக்பிட்டில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குறை சரியானதும் ஸ்டிக்கரை எடுக்க மறக்கிறவர்கள் ஏராளம்.

தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போடுங்கள், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். வெள்ளை மை, மேலெழுதல், பக்கத்தைக் கிழித்தல் எதுவும் கூடாது. மின்னணு டெக் லாக் வந்த இடங்களில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அடுத்தவர் லாகினில் நீங்கள் எழுதினால் அது இன்னும் பெரிய வம்பு.

7. பாதியில் நிற்கும் வேலை

ஸ்பேனரை எடுக்கும் முன்பே பதிவைத் திறந்துவிடுங்கள். "முடித்துவிட்டு மொத்தமாக எழுதலாம்" என்பதுதான் இந்த வேலையில் எனக்குத் தெரிந்த மிக மோசமான பழக்கம். 1991 செப்டம்பரில் டெக்சஸில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானம் நடுவானில் சிதறி 14 பேர் இறந்தனர். முந்தைய இரவு வால் இறக்கையின் முன்விளிம்பில் 47 திருகுகளைக் கழற்றியிருந்தார்கள், ஷிப்ட் மாறியது, கழற்றியது எழுத்தில் ஏறவில்லை, வந்தவர்களுக்குத் தெரியவில்லை. திருகுகள் மேல்பக்கம் என்பதால் தரையிலிருந்து பார்த்தாலும் தெரியாது. உங்கள் சுற்றுச் சோதனை எவ்வளவு கவனமாக இருந்தாலும் இப்படிப்பட்டதைப் பிடிக்காது. எழுத்து ஒன்றுதான் பிடிக்கும்.

எதைத் திறந்தாலும், எந்த உடைப்பானை இழுத்தாலும், எந்தச் சுவிட்சை மாற்றினாலும் தனித்தனி வரி. ஷிப்ட் ஒப்படைக்கும்போது வாயால் சொன்னால் போதாது, எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்தின் பக்கத்தில் நின்று காட்டுங்கள். இதற்கு ஷிப்ட் முடியும் நேரத்தில் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கம்பெனி வண்டி அதற்குள் போய்விடும் என்றால் ஆட்டோவில் போங்கள்.

இரண்டு எஞ்சினிலும் ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே ஷிப்டில் செய்யச் சொன்னால் ஏஎம்இயிடம் கேளுங்கள். 1983இல் மயாமியிலிருந்து கிளம்பிய ஈஸ்டர்ன் எல்-1011 விமானத்தில் மூன்று எஞ்சின்களிலும் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையத்தைப் போடாமல், எண்ணெயில் உலோகத் துகளைப் பிடிக்கும் சிப் டிடெக்டரை மாட்டியிருந்தார்கள். மூன்றிலும் எண்ணெய் வடிந்தது, ஒற்றை எஞ்சினில் உயிர் தப்பி இறங்கினார்கள்.

8. பாகம் வாங்கும்போது

ஸ்டோர்ஸில் பழைய போல்ட்டைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்காதீர்கள். 1990இல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் பிஏசி 1-11 விமானத்தில் முன்கண்ணாடி பறந்து கேப்டன் பாதி உடல் வெளியே தொங்கியது அப்படித்தான்: பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்த 90இல் 84 விட்டம் குறைந்தவை. பழையவையே சரியான அளவு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பாகப் பட்டியலில் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். பாகத்தோடு வரும் சான்று (சிஏ படிவம் 1 அல்லது அதற்கு ஈடான வெளிநாட்டுப் படிவம்), அதிலுள்ள சீரியல், சீலண்ட், எண்ணெய் போன்றவற்றின் காலாவதித் தேதி ஆகியவற்றைக் கவுன்டரிலேயே பாருங்கள். டார்க் ரெஞ்சின் அளவுத்திருத்த ஸ்டிக்கரையும்.

9. கடைசி ஐந்து நிமிடம்

கதவு மூடப் போகிறார்கள், கேட்டில் இருப்பவர் உங்களையே பார்க்கிறார், கேப்டன் லாகைக் கேட்கிறார். இந்த நேரத்தில் எழுதிய பதிவுகளில்தான் காலியான கட்டங்கள் அதிகம். அதனால் ஒவ்வொரு வேலையையும் முடித்த இடத்திலேயே எழுதிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தைச் சரிபார்க்க மட்டும் வையுங்கள்: பதிவெழுத்து, தேதி, பதில் எழுதாத குறை ஏதும் உண்டா, சிஆர்எஸ் கையெழுத்தும் அங்கீகார எண்ணும் உண்டா, தரையில் விட வேண்டிய நகலைக் கிழித்து எடுத்தாயிற்றா. நகல் விமானத்தோடு போய்விட்டால் தரையில் ஆதாரம் இல்லை. டெக் லாகைக் கடைசிப் பதிவிலிருந்து 36 மாதம் பாதுகாக்க வேண்டும். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் யாராவது அந்தப் பக்கத்தைக் கேட்பார்கள்.

தாமதம் ஆகும் என்றால் எவ்வளவு என்று ஒரு எண்ணைச் சொல்லுங்கள். "இதோ முடிஞ்சிடும் சார்" என்று மூன்று முறை சொல்வதைவிட "இருபது நிமிடம்" என்று ஒரு முறை சொன்னால் கேட்டில் இருப்பவர்கள் அதற்கேற்ப வேலை பார்ப்பார்கள்.

கிளம்பிய பிறகு ஏதோ விட்டுப்போனது நினைவுக்கு வந்தால் உடனே ஷிப்ட் பொறுப்பாளரிடமும் பராமரிப்புக் கட்டுப்பாட்டு மையத்திலும் சொல்லுங்கள். விமானத்தைத் தொடர்புகொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது. உங்களிடம் உள்ள நகலில் எதையும் சேர்க்காதீர்கள். விமானத்தில் போன பக்கமும் தரையில் உள்ள பக்கமும் வேறுபட்டால் மறதி என்று முடிய வேண்டியது மோசடியாகிவிடும். அன்றே நிறுவனத்தின் பாதுகாப்பு அறிக்கைப் படிவத்தை நிரப்புங்கள். அதில் என்ன விட்டுப்போனது என்பதோடு, அன்று எத்தனை பேர் ஷிப்டில் இருந்தீர்கள், எத்தனை விமானம் பார்த்தீர்கள், எந்த நேரத்தில் எதற்காகக் கூப்பிடப்பட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த மாத ஷிப்ட் பட்டியலில் ஆள் கூட்டிக் கேட்க உங்கள் மேலாளருக்கு அந்தக் காகிதம் தேவைப்படும்.